பொன்னியின் செல்வன் முதல் பாகமே ஓடல, மீதி நாலையும் படிக்கணுமா?

கொருக்குப்பேட்டை ரயில்வாசி:

தண்டையார்பேட்டைக்காரி நான். தினம் கொருக்குப்பேட்டையில ஏறி மீஞ்சூருக்கு வேலைக்குப் போறேன். எல்லாரும் ஊருக்குள்ள வர்ற நேரத்துல நான் வெளிய போறதால ஜன்னல் சீட்டு கிடைக்கும். அத்திப்பட்டு தாண்டுறதுக்குள்ள ரெண்டு அத்தியாயம் முடிஞ்சிரும்.

மூர் மார்க்கெட்ல அஞ்சு பாகமும் சேத்து 600 ரூபாய்க்குப் பழைய புக்கா வாங்கினேன். தொடக்கம் என்னவோ அருமை. ஆடிப்பெருக்கு அன்னிக்கு வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில குதிரையில வர்றான், 74 கணவாய்லயும், அதான் மதகுலயும், தண்ணி பாயுது. 2019 வெயில்ல குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரிக்குப் பின்னாடி ஓடுனவ நான். எனக்கு வீராணம்னா குழாய்த் தண்ணியோட பேரு, அவ்வளவுதான். அது கடல் மாதிரி கெடக்குன்னு படிச்சப்போ புக்கை மூடி வச்சிட்டு ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம்தான் ஏமாத்தம். இந்தப் பையன் எங்க தங்குனாலும் யாரோ ரகசியம் பேசுறாங்க, இவன் காதுல விழுது. ஜோசியர் வீட்டுக்குப் போனா கரெக்டா அங்க இளவரசி வர்றாங்க. ஆழ்வார்க்கடியான் எந்த ஊர்லயும் முன்னாடியே வந்து நிக்கிறாரு. நடுவுல கதையை நிறுத்திட்டு சோழ வம்ச வரலாறு வேற. அரண்மனை, பல்லக்கு, ராணின்னே போகுது.

இன்னொண்ணு. எனக்கு முன்னாடி இந்த புக்கை வச்சிருந்தவர் பென்சிலால அடிக்கோடு போட்டுக்கிட்டே வந்திருக்காரு, ஸ்கேல் வச்சு, நேரா. 22ஆம் அத்தியாயத்தோட கோடு நின்னுபோச்சு. மத்த நாலு பாகமும் முதுகுல ஒரு மடிப்புகூட விழாம புதுசா இருக்கு. நான் இப்ப 26ல நிக்கிறேன். அவர் செஞ்சதுதான் சரியோ?

பெரம்பூர் தாத்தா:

சரிதான்மா. 57 அத்தியாயத்துல 26 படிச்சும் பிடிக்கலன்னா வச்சிடு. இதைப் படிக்கலன்னா தமிழனே இல்லன்னு எவனாவது சொல்லுவான், கண்டுக்காத. நானே மூணாவது பாகத்தோட நிறுத்தினவன், நல்லாத்தான் இருக்கேன்.

பைண்டிங் பைத்தியம்:

ஐயா சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். 1950லேர்ந்து 1954 வரைக்கும் வாரப் பத்திரிகையில மூணரை வருஷம் வந்த தொடர் இது. மொத்தம் 293 அத்தியாயம், அதாவது வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு. போன வாரம் என்ன நடந்துச்சுன்னு மறந்தவங்களுக்காகத்தான் கதை எழுதின கல்கி நடுநடுவுல திரும்பச் சொல்றாரு. ஒவ்வொரு வாரமும் ஒரு திருப்பம் வச்சாகணும், அதான் ஒட்டுக்கேக்குறதும் எதிர்பாராத சந்திப்பும். எங்க வீட்ல அப்பாயி அந்தப் பக்கங்களைக் கிழிச்சு, ஓவியர் மணியம் வரைஞ்ச படத்தோட நூல்போட்டுத் தைச்சு வச்சிருந்தாங்க. நீங்க போறபோது ரெண்டு வர்றபோது ரெண்டுன்னு விழுங்குறீங்க, திகட்டாம என்ன பண்ணும்? போறபோது ஒண்ணு மட்டும் படிச்சுப் பாருங்க.

காசிமேட்டுக்காரன்:

அக்கா, அரண்மனை போரடிக்குதுன்னா ரெண்டாம் பாகத்துக்கு வா. மொத அத்தியாயமே பூங்குழலி. கோடிக்கரையில படகு ஓட்டுற பொண்ணு, யாருக்கும் பயப்படாது. அவளைத் துரத்திக்கினு ஓடி வந்தியத்தேவன் சேத்துல மாட்டிக்குவான் பாரு, நான் எண்ணூர் கழியில எறா புடிக்கப் போயி இடுப்பு வரைக்கும் எறங்குனவன், அத்த படிக்கும்போது காலு ஜில்லுன்னு ஆயிடுச்சு. கழிச் சேத்துல நிமிந்து நின்னு கால உருவுனா இன்னும் உள்ள இழுக்கும். படுத்தாப்புல சாஞ்சாதான் வுடும். இவனுக்கு அது தெரியல, அவதான் வந்து காப்பாத்துறா. ராத்திரியில தனியா கடலத் தாண்டுறதுல எனக்குக் கேள்வி கீது, அத்த அப்புறம் பேசிக்கலாம்.

பைண்டிங் பைத்தியம்:

தாண்டிக் குதிக்காதீங்க. அவன் ஏன் ஓலையைத் தூக்கிக்கிட்டு ஈழத்துக்குக் கிளம்புறான்னு முதல் பாகத்துக் கடைசியிலதான் இருக்கு.

கொருக்குப்பேட்டை ரயில்வாசி:

பைண்டிங் அண்ணா, மன்னிக்கணும், தாண்டிட்டேன். இன்னிக்குக் காலையில கூட்ஸ் வண்டிக்காக எங்க ட்ரெயினை இருபது நிமிஷம் நிறுத்திட்டாங்க, மூணு அத்தியாயம் ஓடிப்போச்சு. சேத்துப் பள்ளம் சூப்பர். ஓலை விஷயம் சுத்தமா புரியல, சாயங்காலம் முதல் பாகத்துக் கடைசி பத்து அத்தியாயத்தைப் பாத்துடுறேன். பூங்குழலிக்காக ரெண்டாம் பாகம் முழுக்கப் படிப்பேன், அதுக்கு மேல கேக்காதீங்க.

ஆழ்வார்க்கடியான் இன்னும் தலைகாட்டல.

காசிமேட்டுக்காரன்:

வருவாரு.