புதிர் விளையாட்டுக்கு என் தொடர்பிலக்கங்கள் எதற்கு?

வெள்ளவத்தை வாசகி:
2018 இல் வந்த ‘ரிட்டேர்ன் ஒஃப் த ஓப்ரா டின்’ என்ற கணினிப் புதிர் விளையாட்டை இரண்டு வாரம் இரவிரவாக ஆடி முடித்தேன். கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன நேர்ந்தது என்று கண்டறிய வேண்டும். தொங்குபடுக்கையிலிருந்த இலக்கத்தை வைத்தே ஒரு மாலுமியின் பெயரைப் பிடித்தபோது கை நடுங்கியது. அதே ஆசையில் கைப்பேசியில் இலவசப் புதிர் விளையாட்டொன்றை இறக்கினேன். தொடர்பிலக்கங்களையும் ஒலிவாங்கியையும் கேட்டது, அவசரத்தில் அனுமதித்துவிட்டேன். அம்மாவின் இலக்கமும் அதில் இருக்கிறது. இனி என்ன செய்வது?

கொட்டாஞ்சேனை அண்ணா:
தங்கச்சி, முதலில் அமைப்புகளுக்குள் போய் அனுமதிகளை நீக்குங்கள். செயலியை அழித்தால் மட்டும் போதாது, போய்ச் சேர்ந்த தரவு அவர்களிடமே கிடக்கும். அழிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த உரிமை எழுதப்பட்டிருக்கிறது.

பம்பலப்பிட்டி:
‘ஓப்ரா டின்’ விளையாட்டின் அதே படைப்பாளி 2013 இல் செய்த ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ ஆடிப் பாருங்கள். எல்லைச் சாவடியில் உட்கார்ந்து பிறருடைய கடவுச்சீட்டைப் புரட்டுவது நாம்தான். அதன் பிறகு எந்த அனுமதியையும் இருமுறை வாசிக்காமல் நான் கொடுப்பதில்லை.

வெள்ளவத்தை வாசகி:
நீக்கிவிட்டேன் அண்ணா, மின்னஞ்சலும் அனுப்பியாயிற்று. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.