இளையோர் நூல் செய்திகளில் புதிய பெயர்களைக் காணோமே?

நெய்தல் (கேள்வி):
ஆங்கில இளையோர் நூல்களைப் பற்றிய செய்திகளைச் சில காலமாகக் கவனித்து வருகிறேன். துப்பறியும் கதைகளை விரும்பும் என் 14 வயது மகளுக்கு அடுத்து எதை வாங்கித் தரலாம் என்று அறிவதே நோக்கம். ஆனால் பழைய தொடருக்கு முன்கதை, பழைய நூலுக்குப் புதிய அட்டை, பழைய நாவலைப் படமாக்கும் அறிவிப்பு என்றே செய்திகள் வருகின்றன. 2008இல் தொடங்கிய 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவல் தொடர் இன்றும் பேச்சில் இருக்கிறது. அவளோ அதை எப்போதோ படித்து முடித்துவிட்டாள். புதிதாக எழுத வருகிறவர்கள் குறைந்துவிட்டார்களா, அல்லது அவர்களைப் பற்றிய செய்தி நம்மை எட்டுவதில்லையா?

கூடலான்:
எழுத வருகிறவர்கள் குறையவில்லை. செய்தியாகும் வாய்ப்புதான் சிலரிடமே குவிந்திருக்கிறது. 'தி ஹங்கர் கேம்ஸ்' தொடரை எழுதிய சுசேன் காலின்ஸ் 2025 மார்ச்சில் வெளியிட்ட 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்' என்ற அதன் முன்கதை, முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தில் மட்டும் 15 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பல மாதங்களாகச் சேரும் முன்பதிவுகள் அனைத்தும் நூல் வெளியாகும் வாரத்தின் கணக்கில் வருவதால், ஏற்கெனவே வாசகர் கூட்டம் உள்ளவருக்கே விற்பனைப் பட்டியலின் உச்சி எளிதில் கிட்டுகிறது. அந்த முன்பதிவைப் பெருக்குவதற்காகத்தான் தலைப்பு ஒரு நாள், அட்டைப்படம் ஒரு நாள், முதல் அத்தியாயம் ஒரு நாள் என ஒரே நூலைப் பலமுறை செய்தியாக்குகிறார்கள். நூல் நன்றாக இருக்கிறதா என்பதை இவற்றில் எதுவும் சொல்வதில்லை.

மாலைவெயில்:
கூடலான் சொல்வது சரியே. ஆனாலும் பழியைப் பதிப்பகங்களின் தலையில் மட்டும் சுமத்த முடியாது. இ. லாக்ஹார்ட் எழுதிய 'வீ வேர் லையர்ஸ்' 2014இல் வெளிவந்த நூல். சில ஆண்டுகள் கழித்து அதை மீண்டும் விற்பனைப் பட்டியலில் ஏற்றியவர்கள், டிக்டாக்கில் நூல்களைப் பற்றிப் பேசும் வாசகர்கள்தாம். கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டு ஒருவர் கேமராவின் முன் தேம்பி அழுவார். கதையைப் பற்றி வாய் திறக்கமாட்டார். முடிவில் ஒரு பெரிய திருப்பத்தை வைத்திருக்கும் நாவலுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறில்லை. அந்த அலைக்குப் பிறகே 2022இல் முன்கதையும் 2025இல் தொலைக்காட்சித் தொடரும் வந்தன.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் நூல்துறைத் தரவுகளைத் திரட்டும் பவ்கர் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, இளையோர் நூல்களை வாங்கியவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதையோ அதற்கு மேற்பட்ட வயதையோ எட்டியவர்கள். பதின்வயதில் படித்த தொடரை வளர்ந்த பிறகும் விடாத இவர்களுக்காகவே பெரும்பாலான அறிவிப்புகள் எழுதப்படுகின்றன என்பது என் கணிப்பு. உங்கள் மகளை மனத்தில் வைத்து அவற்றை யாரும் எழுதுவதில்லை.

ஏட்டுப்பூச்சி:
நெய்தல் அவர்களே, காரணங்களை நண்பர்கள் விளக்கிவிட்டதால் நான் வழியை மட்டும் சொல்கிறேன். செய்திகளைத் தொடர்வதை விட்டுவிட்டு, வில்லியம் சி. மாரிஸ் விருதின் பட்டியல்களைப் பாருங்கள். அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு 2009 முதல் வழங்கிவரும் இவ்விருது, பதின்வயதினருக்காக எழுதும் எழுத்தாளரின் முதல் நூலுக்கு மட்டுமே உரியது. வெற்றி பெற்ற நூலோடு நின்றுவிடாமல் இறுதிச் சுற்றுக்கு வந்தவற்றையும் பாருங்கள். என் அனுபவத்தில் அங்குதான் எதிர்பாராத நல்ல நூல்கள் கிடைக்கின்றன.

துப்பறியும் கதை என்றால், 2022இல் இவ்விருதையும், சிறந்த இளையோர் நூலுக்கான பிரின்ட்ஸ் விருதையும் ஒருசேர வென்ற ஏஞ்சலின் பௌலியின் 'ஃபயர்கீப்பர்ஸ் டாட்டர்' நினைவுக்கு வருகிறது. 18 வயதுப் பெண்ணொருத்தி போதைப்பொருள் விசாரணையில் மறைமுகமாகப் பங்கேற்கும் கதை அது. பாலியல் வன்முறையும் அதில் இடம்பெறுவதால் முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. இளையோர் நூல் என்ற பெயரில் 12 வயது முதல் 18 வயது வரை எல்லாரையும் ஒரே அலமாரியில் சேர்த்துவிடுகிறார்கள். கிர்கஸ் இதழின் மதிப்புரைகளின் இறுதியில் வயது வரம்பைக் குறிப்பார்கள். வாங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நெய்தல்:
மிக்க நன்றி. இறுதிச் சுற்றுப் பட்டியல்களை அண்மைய ஆண்டிலிருந்து பின்னோக்கிப் பார்க்கத் தொடங்குகிறேன். பௌலியின் நூலை முதலில் நான் படித்துவிடுகிறேன். வன்முறை குறைந்த துப்பறியும் கதை வேறு எதையேனும் அறிந்தவர்கள் இங்கேயே குறிப்பிட வேண்டுகிறேன்.