பூவன், ரஸ்தாளி வாழைக்குத் திசு வளர்ப்புக் கன்று தேவையா?

லால்குடி வயல்:
ஆற்றுப்பாசனம், களிமண் நிலம், 2 ஏக்கர். ஒரு ஏக்கர் பூவன், ஒரு ஏக்கர் ரஸ்தாளி வைக்க உத்தேசம். ரஸ்தாளிக்கு ஒதுக்கிய பக்கம் ஏற்கெனவே வாடல் நோய் வந்த நிலம். தாய்மரத்தடியில் முளைக்கும் பக்கக்கன்று வைப்பதா, ஆய்வகத்தில் பெருக்கிய திசு வளர்ப்புக் கன்று வாங்குவதா?

தேனி ஜி9:
இதுல யோசிக்க என்ன இருக்கு? திசு வளர்ப்புதான். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ஜி9 (கிராண்ட் நைன் வாழை) அதுலதான் ஓடுது. எல்லா மரமும் ஒண்ணா பூ தள்ளும், 11-12 மாசத்துல ஒரே வீச்சுல வெட்டிடலாம். பக்கக்கன்று வச்சா ஒரு மரம் இன்னைக்கு, ஒரு மரம் ரெண்டு மாசம் கழிச்சு. வியாபாரி எத்தனை தடவை வண்டி அனுப்புவான்?

அதைவிடப் பெரிய விஷயம், கிழங்கோட வர்ற வினை. நூற்புழு, கூன்வண்டு முட்டை, வாடல் பூசணம், இலையெல்லாம் உச்சியில கொத்தா சுருங்க வைக்கிற முடிக்கொத்து வைரஸ் எல்லாமே மண் ஒட்டின கிழங்குல இலவசமா வரும். முடிக்கொத்து நோய் இந்தியாவுக்குள்ள வந்ததே 1940 வாக்குல, இலங்கையிலிருந்து கேரளத்துக்கு. பிறகு பழனி கீழ்மலையில விருப்பாட்சி மலைவாழையைக் கிட்டத்தட்ட அது அழிச்சே போட்டது எல்லாருக்கும் தெரியும்.

கிழங்குக்காரர்:
ஜி9க்குச் சொல்வதெல்லாம் சரி. கேள்வி ஜி9 பற்றியது அல்ல.

முதலில் பூவன். வாழையில் கோடு போடும் வைரஸ் ஒன்று உண்டு. இலையில் மஞ்சள் கோடுகள் விழுந்து பிறகு கருகும். அதன் மரபணுத் துண்டு பூவனின் சொந்த மரபணுவுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. ஜி9 முழுக்க அக்யூமினாட்டா என்ற காட்டு வாழை இனத்தின் வழி. பூவனில் பால்பிசியானா என்ற இன்னொரு காட்டு இனத்தின் வழியும் கலந்திருக்கிறது. வைரஸ் துண்டு அந்தப் பகுதியில்தான் உட்கார்ந்திருக்கிறது. வயலில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஆய்வகத்தில் குருத்தை ஹார்மோன் ஊடகத்தில் மறுபடி மறுபடி பிரித்துப் பெருக்கும்போது அந்த நெருக்கடியில் விழித்துக்கொள்ளும்.

அடுத்து ரஸ்தாளி. திசு வளர்ப்புக் கன்று நோயில்லாமல் வரும். அதற்காக நோய் தாங்கும் என்று அர்த்தமில்லை. வாடல் உள்ள மண்ணில் வைத்தால், பக்கக்கன்றைவிட அது இன்னும் சீக்கிரம் விழுகிறது என்று வயல் ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. வேரோடு இயல்பாகக் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அதற்கு இல்லை என்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

தேனி ஜி9:
வைரஸ் பரிசோதனை பண்ணி, மத்திய அரசோட உயிரித் தொழில்நுட்பத் துறைத் திட்டத்துல சான்று வாங்கின கூடம் எத்தனையோ இருக்கே. அங்க வாங்கினா போச்சு.

கிழங்குக்காரர்:
பூவனுக்குத் தாய்மரத்தைச் சோதித்தால் மட்டும் போதாது. தாய் சுத்தமாக இருந்து பிள்ளையில் வைரஸ் எழும்பலாம். உங்களுக்குத் தரப்போகும் அதே தொகுதிக் கன்றைச் சோதித்த தாளைக் கேளுங்கள். எத்தனை சுழற்சி பெருக்கினார்கள் என்றும் கேளுங்கள். 8 தாண்டினால் குட்டையும் கோணலுமான கன்று கூடும்.

கோபிப்பக்கம்:
நடுவுல வர்றேனுங்க. ரெண்டு பேரும் கன்றைப் பத்தியே பேசறீங்க. திசு வளர்ப்புக் கன்றை வாங்கிட்டு, பக்கக்கன்று மாதிரியே வளர்த்துத்தான் பாதிப்பேர் கெடுக்கறாங்க.

தோட்டக்கால் (கிணத்துப்பாசன) வாழைக்கு, நேந்திரன் தவிர, பரிந்துரை மரத்துக்கு 110:35:330 கிராம் தழை, மணி, சாம்பல் சத்து. யூரியாவாக்கினா சுமார் 240 கிராம், பொட்டாஷ் 550 கிராம். பக்கக்கன்றுக்கு இதை 3, 5, 7-ஆம் மாசம் மூணாப் பிரிச்சுப் போடோணும். சூப்பர் பாஸ்பேட் 220 கிராமும் 3-ஆம் மாசத்துலயே போட்டரோணும். திசு வளர்ப்புக்கு ஒண்ணரை மடங்கு வேணும். 2, 4, 6, 8-ஆம் மாசம் நாலு தவணை. தவணைக்கு யூரியா 90, பொட்டாஷ் 200 கிராம் சொச்சம். முதல் உரத்தை 3-ஆம் மாசம் வரைக்கும் தள்ளினா கன்று தேங்கிப்போகும்ங்க. அதுக்குக் கிழங்குல சேமிப்புன்னு ஒண்ணும் கிடையாது.

இன்னொண்ணு, ஊடுபயிரா வெள்ளரி, பூசணி, தர்ப்பூசணி வெச்சுராதீங்க. வெள்ளரித் தேமல் வைரஸ் அசுவினி வழியா இளங்கன்றுக்குத் தாவும். முதல் மூணு மாசத்துல பிடிச்சா குருத்தே அழுகிரும்.

கிழங்குக்காரர்:
நன்று. பக்கக்கன்றுக்கும் இதே அளவு கவனம் வேண்டும்.

ஈட்டிக்கன்று மட்டும் எடுக்க வேண்டும்: அகலமில்லாத கத்தி போன்ற இலை, 3 மாத வயது, கிழங்கு ஒன்றரை முதல் 2 கிலோ. அகன்ற இலை விரித்த நீர்க்கன்று வேண்டாம். தாயோடு அதன் பிடிப்பு பலவீனமானது, தாரும் சிறுக்கும். வேரையும் கிழங்கின் மேல்தோலையும் சீவி, செந்நிற வளையம் தெரிகிற கிழங்கைத் தூக்கி எறியுங்கள். அது வாடல். சீவிய கிழங்கை 55 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்தால் நூற்புழு சாகும். வெப்பமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம், கிழங்கு வெந்துவிடும். ஆறியபின் ரஸ்தாளியை 0.1 சதவீத கார்பெண்டசிம் (பூசணக்கொல்லி) கரைசலில் 5 நிமிடம் முக்கி நடலாம்.

தேனி ஜி9:
இவ்வளவும் ஒரு ஏக்கருக்கு, 6 அடி இடைவெளின்னா 1,210 கிழங்குக்கு, யார் பண்றா? பண்ணினாலும் வெந்நீர்ல முடிக்கொத்து வைரஸ் சாகாது. நோய் உள்ள தாய் சில வாரம் அறிகுறியே காட்டாது, அதோட கன்றைத்தான் பத்துத் தோட்டத்துக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. மத்திய அமெரிக்காவுல க்ராஸ் மிஷேல் ரகத்தை 1950-கள்ல பனாமா வாடல், அதாவது இதே வாடல் நோய், காலி பண்ணினதுக்கும், கன்றையும் மண்ணையும் தோட்டம் தோட்டமா கடத்தினதுதான் வழி விட்டுச்சு.

கிழங்குக்காரர்:
கன்று வழி விட்டது உண்மை. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே ரகம் இல்லாதிருந்தால் அவ்வளவு தூரம் விழுந்திருக்காது. அதற்குப் பதிலாக வந்த கேவண்டிஷைத்தான் இப்போது வாடல் பூசணத்தின் டிஆர்4 என்ற வகை பிடிக்கிறது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வந்தாயிற்று. உங்கள் ஜி9ம் கேவண்டிஷ்தான். திசு வளர்ப்புக் கன்றாக இருந்தாலும் டிஆர்4 மண்ணில் அதற்குத் தப்பில்லை.

தேனி ஜி9:
டிஆர்4 பரவாம இருக்கணும்னா மண்ணில்லாத கன்றுதானே வழி? நான் சொல்றதையேதான் சுத்தி வந்து சொல்றீங்க.

கிழங்குக்காரர்:
கேவண்டிஷுக்கு ஆம்.

லால்குடி வயல்:
சரி, அந்த வாடல் நிலத்துக்கு என்ன வழி?

கிழங்குக்காரர்:
ரஸ்தாளி வேண்டாம், எந்தக் கன்றானாலும். பூசணத்தின் உறக்க வித்து மண்ணில் பல்லாண்டு கிடக்கும். அந்தப் பக்கம் பூவனை வையுங்கள், நம் ஊர் வாடலை அது தாங்கும்; நல்ல தோட்டத்து ஈட்டிக்கன்று போதும். ரஸ்தாளியை மற்ற ஏக்கருக்கு மாற்றுங்கள். தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் பாயாதபடி வாய்க்காலைத் திருப்புங்கள்.

தேனி ஜி9:
அந்த மாற்று ஏக்கர் இதுவரை வாடல் பார்க்காததுன்னா, ரஸ்தாளிக்குத் திசு வளர்ப்பு வைக்கலாம்னு ஒத்துக்குங்க.

கிழங்குக்காரர்:
வைக்கலாம், தொகுதிச் சோதனைத் தாளோடு. ரஸ்தாளியிலும் பால்பிசியானா கலப்பு உண்டு.

கோபிப்பக்கம்:
எதை வெச்சாலும் 2, 4, 6-ஆம் மாசம் கிழங்குல 45 டிகிரி சாய்வா 10 செ.மீ. துளை போட்டு, 50 மில்லிகிராம் சூடோமோனாஸ் (நல்ல பாக்டீரியா) மாத்திரை ஒண்ணு வெச்சு, களிமண்ணால அடைச்சுருங்க. துளை போடற கம்பியை மரத்துக்கு மரம் மருந்துத் தண்ணியில முக்கி எடுங்க. இல்லீனா அந்தக் கம்பியே நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்ங்க.