பழைய பேண்டோகிராஃப் செதுக்கு இயந்திரம்: வட்டம் முட்டை வடிவில் வருகிறது, பித்தளையில் பிசிறு. உதவி தேவை

செப்புத்தகடு:
எல்லாருக்கும் வணக்கம். கையால் இயக்கும் பேண்டோகிராஃப் என்கிரேவிங் இயந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கி வீட்டுப் பட்டறையில் வைத்திருக்கிறேன். மேஜை மேல் வைக்கும் வகை. டெம்ப்ளேட் எழுத்தின் பள்ளத்தில் ஊசியை ஓட்டினால், இன்னொரு பக்கம் சுழலும் கட்டர் அதையே சிறிதாக்கிச் செதுக்க வேண்டும். கையேடு கூட வரவில்லை. மோட்டார் ஓடுகிறது, கைகள் இலகுவாக நகர்கின்றன, ஆனால் வேலை சரியாக வரவில்லை.

பித்தளைத் தகட்டில் பெயர்ப்பலகை செதுக்கிப் பார்க்கிறேன். விகிதம் 4:1. வட்டம் சாய்ந்த முட்டை போல வருகிறது. தகட்டின் இடது ஓரத்தில் கோடு தடிமனாகவும் வலது ஓரம் போகப்போக மெல்லிசாகவும் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, கட்டர் வெட்டுவதாகவே தெரியவில்லை. கிறீச்சென்று சத்தம், கோட்டின் இரு கரையிலும் பிசிறு, முனை சூடாகிக் கறுக்கிறது. புதுக் கட்டர் போட்டும் அதேதான். கட்டரைச் சுழற்றும் தண்டின், அதாவது ஸ்பிண்டிலின், பேரிங் போய்விட்டதா? அதைக் கழற்ற இறங்குவதற்கு முன் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பழைய உளி:
பேரிங்கை இப்போது தொடாதீர்கள். நீங்கள் சொல்வது மூன்று தனித்தனிக் கோளாறு போல இருக்கிறது, ஒரே காரணத்தைத் தேடினால் சுற்றிக்கொண்டே இருப்போம். முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கட்டருக்குப் பதில், அதைப் பிடிக்கும் கோலெட்டில் ஒரு பேனா ரீஃபில்லைச் செருகுங்கள். காகிதத்தை ஒட்டி அதே வட்டத்தை வரைந்து பாருங்கள். பேனாவும் முட்டை வரைந்தால் கோளாறு கைகளிலோ விகிதத்திலோ இருக்கிறது. பேனா வட்டம் ஒழுங்காக இருந்தால் ஸ்பிண்டில் பக்கம் போகலாம்.

மரக்கடைசல்:
பெல்ட்டைக் கழற்றும் முன் சுழலும் திசையைப் பார்த்துவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் கட்டர் கடிகார முள் திசையில் சுழல வேண்டும். இந்த இயந்திரங்களின் கட்டருக்கு வழக்கமாக ஒரே ஒரு வெட்டுமுனைதான். திசை மாறினால் அது வெட்டாது, முதுகால் தேய்க்கும். சத்தமும் சூடும் அதைத்தான் சொல்கின்றன.

நுண்ணளவி:
கோட்டுத் தடிமனுக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலரும் கட்டரைக் குறை சொல்லி நேரத்தை விடுகிறார்கள். கூம்பு முனை ஆழமாக இறங்க இறங்கக் கோடு அகலமாகும். 90 பாகை முனையில் 0.1 மி.மீ. கூடுதலாக இறங்கினால் கோடு 0.2 மி.மீ. அகலமாகிவிடும். 60 பாகை முனையில் அதே இறக்கத்துக்குச் சுமார் 0.12 மி.மீ.தான். ஆகவே தகட்டின் இரு ஓரத்துக்கும் நடுவே 0.1 மி.மீ. ஏற்ற இறக்கம் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும். உங்களுக்கு இடது பக்கம் உயர்ந்து நிற்கிறது.

கோலெட்டில் ஏற்ற இறக்கத்தை அளக்கும் ஒரு டயல் கேஜைப் பிடித்து, கைகளை நகர்த்தி முதலில் தகட்டைத் தாங்கும் வெறும் பெட்டை (மேடையை) அளந்து பாருங்கள், அப்புறம் தகட்டை. பெட்டிலேயே சாய்வு இருந்தால் அதன் திருகுகளுக்கு அடியில் ஷிம் (மெல்லிய உலோகத் துண்டு) வைக்க வேண்டும். தகட்டில் மட்டும் இருந்தால் தகடு வளைந்திருக்கும், அல்லது இரட்டைப் பக்க டேப்புக்கு அடியில் துகள் மாட்டியிருக்கும். ஸ்பிண்டில் மூக்கில் தகட்டின் மேல் உரசிப் போகும் ஆழக் கட்டுப்பாட்டு மூடி உங்கள் இயந்திரத்தில் இருந்தால் அதைப் பூட்டிக்கொள்ளுங்கள். சிறு சாய்வுகளை அதுவே பார்த்துக்கொள்ளும். வளைந்த பரப்புக்கு அது இல்லாமல் நான் செதுக்குவதே இல்லை.

செப்புத்தகடு:
நன்றி. மரக்கடைசல் சார் சொன்னது சரி. வட்டப் பெல்ட்டை யாரோ குறுக்காக, எட்டு வடிவத்தில் மாட்டியிருக்கிறார்கள். நேராக மாட்டியதும் சத்தம் போய்விட்டது, பித்தளை துகள் துகளாகத் தெறிக்கிறது. பிசிறு குறைந்திருக்கிறது, ஆனால் முழுதாகப் போகவில்லை. பெட் நேராகத்தான் இருக்கிறது, தகடுதான் வளைந்திருந்தது.

பேனாச் சோதனையில் முட்டைதான் வந்தது. இரண்டு கைகளிலும் அளவுக்குறி 4-இல்தான் நிற்கிறது. விசித்திரம் என்னவென்றால், பெட்டின் ஒரு மூலையில் சாய்வு அதிகம், இன்னொரு மூலையில் குறைவு.

பழைய உளி:
அந்தக் கடைசி வரிதான் விடை. இடத்துக்கு இடம் சாய்வு மாறுகிறது என்றால் இரண்டு கைகளின் விகிதமும் உண்மையில் ஒன்றாக இல்லை. குறியை நம்பாதீர்கள். முந்தைய சொந்தக்காரர் சுட்டிமுள்ளைக் கழற்றி மாட்டியிருந்தாலோ, நகரும் கட்டையைப் புரட்டிப் போட்டிருந்தாலோ குறி 4 என்று காட்டும், அளவு அதுவாக இருக்காது.

நிலையான சுழலச்சு, கட்டரின் மையம், ஊசியின் மையம் இந்த மூன்றும் எப்போதும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்டோஃப் ஷைனர் பேண்டோகிராஃபை உருவாக்கியதிலிருந்து அதன் அடிப்படை இதுதான். நீளமான உருக்கு அளவுகோலை மூன்றின் மேலும் வைத்துப் பாருங்கள். நடுவில் இருப்பது விலகினால், ஒரு கையின் பூட்டைத் தளர்த்தி அது கோட்டில் வந்து உட்காரும்வரை நகர்த்துங்கள். அப்புறம் 40 மி.மீ. சதுர டெம்ப்ளேட்டை ஓட்டுங்கள். 10 மி.மீ. சதுரம் வர வேண்டும், இரண்டு மூலைவிட்டமும் 14.1 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டும் சமமானால் புதிய குறியைக் கையில் கீறி வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு சரியான பிறகு கைகளின் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். ஊசிப் பக்கம் கை 0.4 மி.மீ. நடுங்கினால் 4:1-இல் அது 0.1 ஆகச் சுருங்கிவிடும். ஸ்பிண்டில் பக்கத்து ஆட்டம் சுருங்காது, அப்படியே தகட்டில் விழும். அதனால்தான் முடிந்தவரை பெரிய டெம்ப்ளேட்டை எடுத்து அதிக விகிதத்தில் சிறிதாக்கச் சொல்கிறோம்.

மரக்கடைசல்:
மீதிப் பிசிறுக்குக் கட்டரைப் பாருங்கள். தட்டையான முகம் தண்டின் சரிமையம்வரை சாணை பிடித்திருக்க வேண்டும். 6 மி.மீ. தண்டு என்றால் அந்த இடத்தில் மைக்ரோமீட்டர் 3.00 காட்ட வேண்டும். அதற்கு மேல் சதை மிச்சமிருந்தால் முனை உரசும். இதுவரை எதிர்த்திசையில் ஓடிய கட்டர்களின் முனை மழுங்கியிருக்கும், எல்லாவற்றையும் மறுபடி தீட்டிவிடுங்கள், அந்தப் புதுக் கட்டரையும்தான்.

வேகத்துக்குப் பயப்பட வேண்டாம். 0.3 மி.மீ. முனை 10,000 சுற்றில் ஓடினாலும் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 9.4 மீட்டர்தான், பித்தளைக்கு அது மிகக் குறைவு. பேரிங் சூடாகாமல் தாங்கும்வரை வேகமான புல்லியில் ஓட்டுங்கள். பித்தளைக்கு எண்ணெய் வேண்டாம். அலுமினியம் என்றால் ஒரு சொட்டு மண்ணெண்ணெய்.

நுண்ணளவி:
ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், யாரும் சொல்லவில்லை. பழைய மோட்டார், கையேடும் இல்லை. உடம்பில் எர்த் கம்பி உண்மையாகவே இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே ஓட்டுங்கள். கண்ணாடி கட்டாயம், பித்தளைத் துகள் ஊசி போலத் தெறிக்கும். கையுறை மட்டும் போடவே போடாதீர்கள், சுழலும் ஸ்பிண்டில் இழுத்துவிடும்.

செப்புத்தகடு:
அளவுகோல் வைத்ததும் கட்டர் மையம் கோட்டிலிருந்து நன்றாக விலகியிருப்பது தெரிந்தது. பக்கத்துக் கையின் கட்டையை நகர்த்திச் சரிசெய்தேன். சதுரத்தின் மூலைவிட்டங்கள் இப்போது சமம், வட்டம் எந்த மூலையிலும் வட்டமாகவே வருகிறது. எர்த் கம்பி துண்டாகிக் கிடந்தது, புதிது போட்டுவிட்டேன். அதைச் சொன்னதற்குத் தனி நன்றி. கட்டரைத் தீட்டிய பிறகும் விரலில் உணரும் அளவுக்கு மெல்லிய பிசிறு மட்டும் இருக்கிறது. இது இயல்புதானா?

மரக்கடைசல்:
இயல்புதான். 0.15 ஆழம் வேண்டுமென்றால் 0.12 வரை ஒருமுறை ஓட்டிவிட்டு, மீதி 0.03-ஐ அதே பாதையில் இன்னொருமுறை மெதுவாக எடுங்கள். முடிந்ததும் நுண்ணிய எமரித் தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, தகட்டின் நீளவாக்கில் தேயுங்கள். வெறும் விரலால் தேய்த்தால் எழுத்தின் ஓரம் உருண்டுவிடும், பெயின்ட் நிரப்பும்போது வெளியே கசியும்.

செப்புத்தகடு:
அப்படியே செய்கிறேன். பெயர்ப்பலகை முடிந்ததும் படம் போடுகிறேன்.