காற்றில் ஆக்சிஜனை அளக்கும் வகுப்பறைச் சோதனை: எங்கே பிசகுகிறது?

அறிவியல் வாத்தியார்:
மெழுகுவத்திச் சோதனையை முதலில் ஓரங்கட்டிவிடலாம். தட்டில் தண்ணீர், நடுவில் வத்தி, மேலே கவிழ்த்த டம்ளர். காற்றில் ஐந்தில் ஒரு பங்கான ஆக்சிஜனைச் சுடர் தின்றுவிடுவதால், அந்த இடத்துக்கு நீர் ஏறுகிறது என்பார்கள். நீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் அது தற்செயல். கவனித்துப் பாருங்கள்: சுடர் எரியும்போது ஏறுவது கொஞ்சம்தான், அணைந்த பிறகு சட்டென்று ஏறும். சூடேறிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அவ்வளவே. ஆக்சிஜன் ஏறக்குறைய 16% இருக்கும்போதே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனின் கன அளவில் மூன்றில் இரு பங்குக்கு கார்பன் டை ஆக்சைடு வேறு வந்து சேரும். ஒரு வத்திக்குப் பதில் மூன்று வைத்தால் நீர் இன்னும் மேலே போகும். ஆக்சிஜன் கூடியா விட்டது?

லேப் உதவியாளர்:
துருப்பிடிக்கும் இரும்பை நம்பலாம் சார். நீரில் கவிழ்த்த ஜாடிக்குள் இரும்பு துருப்பிடித்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், அந்த அளவுக்கு நீர் ஏறும். ஆனால் பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர் வேண்டாம்; அது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ், ஒரு வாரம் ஆனாலும் துரு வராது. காந்தத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, சில ஸ்டெயின்லெஸ் வகைகளும் காந்தத்தில் ஒட்டும். மரப் பாலிஷுக்கு விற்கும் மெல்லிய ஸ்டீல் வுல்தான் (இரும்பு இழைப் பஞ்சு) சரி.

100 மி.லி. காற்றுக்கு 1 கிராம் போதும். கணக்குப்படி 0.07 கிராம்கூடத் தேவைப்படாது, மீதியெல்லாம் பரப்பளவுக்காக. அதன் மேல் எண்ணெய்ப்பூச்சு இருக்கும், எனவே வினிகரில் ஒரு நிமிடம் அலசி, நன்றாக உதறிவிட்டு, பிரித்துப் பஞ்சுபோல ஆக்கி அளவுஜாடியின் அடியில் திணிக்க வேண்டும். உதறாமல் போட்டால் மிச்ச அமிலம் இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜன் விடும், அளவு குறைவாக வரும். கால் மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு அளவீடுகள் ஒன்றாக வரும்வரை காத்திருங்கள்.

வேதியியல் டீச்சர்:
ஜாடியில் ஒரு பொறி உண்டு. 100 கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் கோடே இல்லாத இடம் இருக்கிறது. கவிழ்த்தால் அந்தக் காற்றும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதை 100 என்று வைத்துக் கணக்குப் போட்டால் விடை கோணும். மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையை ஜாடிக்குள் விட்டு, மறுமுனையை வெளியே வைத்து, ஆழமான வாளியில் ஜாடியை அமுக்குங்கள். உள்ளும் புறமும் நீர்மட்டம் 100 கோட்டில் ஒன்றானதும் குழாயைக் கிள்ளிப் பிடித்து உருவிவிடலாம். கடைசி அளவையும் மட்டங்களைச் சமப்படுத்தியே எடுக்க வேண்டும்.

பெரும்பாலோர் விட்டுவிடுவது ஈரம். 30 டிகிரியில் நிறைவுற்ற நீராவியின் அழுத்தம் வளியழுத்தத்தில் சுமார் 4%. 60% ஈரப்பதமுள்ள காற்றோடு தொடங்கி, நீராவி நிறைந்த காற்றோடு முடித்தால், ஆக்சிஜன் 20.95% என்று வர வேண்டிய இடத்தில் 19.6% வரும். ஜாடியின் உட்சுவரை முன்பே நனைத்துவிட்டால் தொடக்கமும் முடிவும் ஒரே நிலை, பிழை போய்விடும்.

அறிவியல் வாத்தியார்:
22-க்கு மேல் வந்தால், டீச்சர்?

வேதியியல் டீச்சர்:
வெப்பநிலையைப் பாருங்கள் சார். மதியம் தொடங்கி மறுநாள் காலை அளந்தால், 3 டிகிரி குறைந்தாலே மீதிக் காற்று 1.4 மி.லி. சுருங்கும். நீராவி குறைவதும் அதில் சேர்த்தி. ஜாடியோடு ஒரு தெர்மாமீட்டரும் வாளியில் கிடக்கட்டும்.

லேப் உதவியாளர்:
சிரிஞ்ச் முறையிலும் 22 வரும். அதற்குக் காரணம் வேறு. இரண்டு 100 மி.லி. கண்ணாடி சிரிஞ்சுகள், நடுவே தாமிரத் துருவல் நிறைந்த சிலிக்கா குழாய், அடியில் பர்னர். ஒன்றில் 100 மி.லி. காற்று, மற்றது காலி. மாற்றி மாற்றித் தள்ள வேண்டும், தாமிரம் கறுக்கும். குழாய்க்குள் 5 மி.லி. காற்று இருந்தால் அதன் ஆக்சிஜனும் செலவாகி, 21 மி.லி.க்குப் பதில் 22 மி.லி. குறையும். குழாயைத் துருவலால் இறுக்கி நிரப்புங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் அளவு எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் சிரிஞ்ச் உராய்வில் மாட்டி நின்றுவிடும். அதில் தெரியும் அளவை நம்ப முடியாது.