அம்மாவின் பிப் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது: மீள்பரிசீலனை கேட்பதில் பயன் உண்டா?

கேள்வி: ஹரோ வாசி

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு 58 வயது. ஏழு ஆண்டுகளாக மூட்டுவாதத்தால் இரு கைகளும் முழங்கால்களும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. அவருக்காக நாங்கள் அனுப்பிய பிப் (PIP, நீண்டகால நோயோ உடற்குறைபாடோ உள்ளவர்களுக்குப் பிரித்தானிய அரசு தரும் கொடுப்பனவு) விண்ணப்பம் மூன்று வாரங்களுக்கு முன்னர் நிராகரிக்கப்பட்டது. அன்றாட வாழ்க்கைப் பகுதியில் சமையலுக்கும் உடை அணிவதற்கும் உபகரணம் தேவை என்று இரண்டிரண்டாக 4 புள்ளிகளும், நடமாட்டப் பகுதியில் 4 புள்ளிகளும் இட்டிருக்கிறார்கள்.

மதிப்பீட்டின்போது அம்மா கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்ததை வைத்தே அவருடைய கைப்பிடி போதுமானது என்று முடிவு செய்திருப்பதாகக் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. எங்கள் பக்கத்திலும் தவறு உண்டு. "சமைப்பீர்களா?" என்று கேட்டதற்கு அம்மா வழக்கம்போல "ஓம், எப்படியோ சமாளிக்கிறேன்" என்றார். மொழிபெயர்த்த நானும் அதை அப்படியே சொல்லிவிட்டேன். உண்மையில் காய்கறி நறுக்குவதும் சட்டியைத் தூக்கி இறக்குவதும் நானோ தங்கையோதான். அம்மாவுக்குத் தலை கழுவிவிடுவதும் காற்சட்டை, காலுறை அணிவிப்பதும் தங்கையின் வேலை. மீள்பரிசீலனை கேட்டால் ஏதேனும் மாறுமா, அல்லது வீண் அலைச்சல்தானா என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் 1: ஈஸ்ட்ஹாம் அண்ணன்

தம்பி, முதலில் நாட்களைக் கணக்கிடுங்கள். மீள்பரிசீலனை கேட்பதற்குக் கடிதத்தில் அச்சிடப்பட்டிருக்கும் திகதியிலிருந்து ஒரு மாதந்தான் அவகாசம். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாள் கணக்கில் வராது. மூன்று வாரங்கள் போய்விட்டதால், இன்றே தொலைபேசியில் அழைத்து மீள்பரிசீலனை கேட்பதாகப் பதிவு செய்யுங்கள், விளக்கக் கடிதத்தைப் பின்னர் அனுப்புவதாகவும் சொல்லுங்கள். தக்க காரணம் இருந்தால் தீர்மானத் திகதியிலிருந்து 13 மாதங்கள் வரை தாமதமான கோரிக்கையையும் ஏற்கலாம் என்று விதி இருந்தாலும், அதை நம்பி இருக்க வேண்டாம்.

அதே அழைப்பில் மதிப்பீட்டாளரின் முழு அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள். உங்களிடம் இருக்கும் கடிதம் அதன் சுருக்கம் மட்டுமே.

பதில் 2: குரோய்டனிலிருந்து, நலக் கொடுப்பனவு ஆலோசனையில் தொண்டராக உதவுபவர்

அண்ணன் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தொலைபேசியோடு நின்றுவிடாமல், சொல்வதையெல்லாம் எழுத்திலும் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

எங்கள் ஆட்கள் பெரும்பாலும் நோயின் பெயரையும் மருந்துப் பட்டியலையும் எழுதி, "இவ்வளவு வருத்தம் இருந்தும் ஏன் மறுத்தீர்கள்" என்று கேட்கிறார்கள். பிப்புக்கு நோயின் பெயரால் ஒரு புள்ளியும் வராது. பன்னிரண்டு செயல்களை, அதாவது அன்றாட வாழ்க்கையில் பத்தையும் நடமாட்டத்தில் இரண்டையும், ஒருவர் எப்படிச் செய்கிறார் என்பதே கேள்வி. எந்தப் பகுதியிலாயினும் 8 புள்ளிகள் பெற்றால் சாதாரண வீதம், 12 பெற்றால் உயர் வீதம். இரு பகுதிகளின் புள்ளிகளையும் ஒன்றாகக் கூட்டமாட்டார்கள் என்பதால்தான் அம்மாவின் 4 உம் 4 உம் 8 ஆகவில்லை.

ஒரு செயலை ஒருவரால் செய்ய முடியும் என்று சொல்வதற்கு, அதை ஆபத்தில்லாமலும், ஏற்கத்தக்க முறையிலும், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்பவும், நியாயமான நேரத்துக்குள்ளும் செய்ய முடிய வேண்டும். நோயற்றவருக்கு அதிகபட்சம் எடுக்கும் நேரத்தைப்போல இரு மடங்குக்கு மேல் எடுத்தால் அது நியாயமான நேரமல்ல. அம்மாவின் "சமாளிக்கிறேன்" என்ற சொல்லுக்குள் இந்த நான்கும் ஒளிந்திருக்கின்றன. சமாளிப்பதற்கு எத்தனை நிமிடங்கள், எவ்வளவு வலி, யாருடைய கை உதவி, முடித்தபின் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார் என்று பிரித்து எழுதுங்கள்.

நீங்கள் சொன்னதை வைத்தே பார்த்தால், எளிய உணவொன்றைத் தயாரிக்க இன்னொருவரின் உதவி தேவை என்பதற்கு 4 புள்ளிகள். தலையையோ இடுப்புக்குக் கீழேயோ கழுவ உதவி தேவை என்பதற்கு 2. கீழாடை அணிய உதவி தேவை என்பதற்கு 2. மொத்தம் 8. இங்கே உணவு என்பது புதிய பொருட்களைக் கொண்டு ஒருவருக்காக அடுப்பிலோ மைக்ரோவேவிலோ செய்யும் ஒரு வேளைச் சாப்பாடு. வீட்டில் எட்டுப் பேருக்குச் சோறும் மூன்று கறியும் சமைக்க முடியவில்லை என்று எழுதினால் அது கேள்விக்குப் பதிலாகாது. நடக்கும் தூரத்தையும் இப்படியே எழுதுங்கள்: 50 மீற்றருக்கு மேல் ஒரு தடவை நடந்துவிட்டு, பிறகு நீண்ட நேரம் மீண்டும் நடக்க முடியாவிட்டால், அந்தத் தூரத்தைத் திரும்பத் திரும்ப நடக்க முடிகிறது என்று கொள்ள இயலாது.

கைப்பை விடயத்துக்கு இரண்டு வரி போதும். ஒரு தடவை பையைத் திறப்பது கத்தி பிடித்து நறுக்குவதற்குச் சான்றாகாது என்று எழுதிவிட்டு, இரு வாரங்களுக்கு ஒரு நாட்குறிப்பு எழுதி இணையுங்கள். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி என்பதே கணக்கு என்பதால், நல்ல நாட்களையும் மறைக்காமல் குறியுங்கள். தங்கையும் தான் செய்யும் உதவிகளைத் தனிக் கடிதமாக எழுதலாம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பதை மட்டும் எழுத வேண்டாம். வாசிப்பும் பேச்சும் தாய்மொழியிலேயே கணிக்கப்படும்.

பதில் 3: லூட்டன் அக்கா

என் கணவருக்கு மீள்பரிசீலனையிலும் அதே பதில்தான் வந்தது. அப்படி வந்தால் மனம் தளராமல், அந்தப் பதிலின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யுங்கள், கட்டணம் கிடையாது. பத்திரங்களை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுமாறு கேட்காமல், நேரிலோ காணொளியிலோ விசாரணை வேண்டும் என்று குறிப்பிடுங்கள். நீதிபதி, வைத்தியர், மாற்றுத்திறன் பற்றி அனுபவமுள்ளவர் என மூவர் இருந்தார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் படிவத்திலேயே கேட்டோம், தீர்ப்பாயமே ஏற்பாடு செய்தது. மகனோ மகளோ மொழிபெயர்த்தால் அம்மாவின் சொல்லை மென்மையாக்கிவிடுவோம் என்பதை நீங்களே கண்டுவிட்டீர்கள்.

தீர்மானம் எடுத்த நாளில் இருந்த நிலைமையைத்தான் பார்ப்பார்கள், அதற்குப் பின் வருத்தம் கூடியிருந்தால் அது கணக்கில் வராது. ஆகவே குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்கினால் அந்தக் காலத்தைக் குறிப்பிடச் சொல்லுங்கள். இப்போது கொடுப்பனவே இல்லாததால், மேன்முறையீட்டில் இழப்பதற்கும் எதுவுமில்லை.

ஹரோ வாசி

மிக்க நன்றி. இன்று காலை அழைத்துப் பதிவு செய்துவிட்டேன், அறிக்கையையும் கேட்டிருக்கிறேன். நாட்குறிப்பைத் தங்கை எழுதத் தொடங்கிவிட்டாள். "இதையெல்லாம் ஏன் வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும்" என்று அம்மா கோபமாக இருக்கிறார்.