முன்பின் தெரியாதவர்களிடம் விசுவாசத்தைப் பேசிய அனுபவங்கள்

பாளையங்கோட்டை சகோதரி

ரயிலில், பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரி வாசலில் அறிமுகமே இல்லாத ஒருவரிடம் ஆண்டவரைப் பற்றிப் பேசியவர்களும், பிறர் பேசக் கேட்டவர்களும் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

மாமியாரின் சிகிச்சைக்காக வேலூர் சிஎம்சிக்குப் போயிருந்தேன். டாக்டர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்த இடத்தில், பக்கத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். வீட்டுக்காரருக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாள். "சாப்டியாம்மா?" என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "ஏங்க்கா, இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரிய யாரு கட்டுனது?"

ஐடா ஸ்கடர் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகள். திண்டிவனத்தில் இருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்றக் கேட்டார்கள். அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதைத் தேவனுடைய அழைப்பாக எடுத்துக்கொண்டு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, 1900இல் ஒரே கட்டிலோடு தொடங்கியதுதான் இந்த இடம்.

"மூணு பேருமாக்கா?" என்றாள். தன் அம்மாவும் தம்பியின் பிரசவத்தில்தான் போனார் என்று சொல்லி அழுதாள். ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன். "எங்க குலசாமிக்கு நேந்துருக்கேன், பரவால்லயா?" "அதனால என்னம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் ஜெபித்தேன். அவள் பேர் கூட நான் கேட்கவில்லை.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் மனசளவில் நொந்துபோய் இருப்பார்கள். 'விசுவாசித்தால் சுகமாகும்' என்று அங்கே வாக்குக் கொடுப்பது பாவம் என்றே நினைக்கிறேன்.

நடைப்பயணி, சென்னை

நான் கத்தோலிக்கன். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களில் ஒருவன். காவி உடுத்திக்கொண்டு, மாதா சுரூபம் வைத்த சின்னத் தேரைத் தள்ளிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது, நாங்கள் பேச்சுக் கொடுக்கத் தேவையே இருக்காது. ஜனங்களே பேச வருவார்கள்.

தரங்கம்பாடிக்கு முன்னால் ஒரு அம்மா வீட்டு வாசலில் நின்று எல்லோருக்கும் மோர் கொடுத்தார். நெற்றி நிறையக் குங்குமம். "எம் பேரனுக்கு மாதா கோயில்லதான் தம்பி மொட்டை போட்டோம். நீ எதுக்கு நேந்துகிட்டே?" என்றார். தங்கச்சி கல்யாணத்துக்கு என்றேன். செபமாலை எப்படிச் சொல்வது என்று கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து மாலையின் பத்து மணிகளுக்குச் சொல்லிக் காட்டினேன். மாதாவைப் பற்றி அவர் எனக்குச் சொன்னதுதான் அன்றைக்கு அதிகம்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

தரங்கம்பாடி என்றதும் எழுதத் தோன்றியது. 1706 ஜூலையில் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, தமிழ் கற்றுத் தமிழரோடு வாதம் செய்தவர் மட்டும் அல்ல, அவர்களிடம் ஓயாமல் கேள்வி கேட்டவரும்கூட. 1712 முதல் 1714 வரை தமிழர்கள் தம் சமயம், வாழ்க்கை பற்றி எழுதிக் கொடுத்த பதில்களை ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அவற்றில் கிறிஸ்தவர்களின் நடத்தையைக் குறைசொன்ன கடிதங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூலை ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். 1867இல்தான் அது வெளிவந்தது. தெருவில் ஊழியம் செய்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கடிதங்களைப் பற்றித்தான்.

தாம்பரம் வாசகி

நான் முருக பக்தை. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவள். கேட்டவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எலக்ட்ரிக் ட்ரெயினில் ஒரு அம்மா, "நீங்க கும்பிடுறது வெறும் கல்லு" என்று ஆரம்பித்தார். எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் அவரோடு எனக்கு என்ன பேச்சு?

இன்னொரு நாள் ஒரு கல்லூரிப் பையன், "அக்கா, ரெண்டு நிமிஷம் பேசலாமா?" என்றான். வேண்டாம் தம்பி என்றேன். "சரிங்கக்கா" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். அதே ட்ரெயினில் மறுபடி பார்த்தபோது நானே கூப்பிட்டு, உனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டேன். அப்பா குடியை விட்டது, அம்மா பயமில்லாமல் தூங்கத் தொடங்கியது எல்லாவற்றையும் சொன்னான். அது உண்மை என்று அவன் முகத்தைப் பார்த்தே நம்பினேன். என் சாமி எனக்கு, அவன் சாமி அவனுக்கு. ஆனால் அவன் அப்பாவுக்காக நானும் வேண்டிக்கொண்டேன்.

கைப்பிரதி ஊழியத்தில் இருப்பவர்

ஆஸ்பத்திரியில் வாக்குக் கொடுப்பதைப் பற்றிச் சகோதரி சொன்னது எங்கள் குழுவிலும் பேச வேண்டிய விஷயம். நாங்கள் பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதிகளோடு, அதாவது வசனம் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களோடு, நிற்கும்போது "எவ்வளவு பணம் தர்றாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவரும் தருவதில்லை, அச்சுக்கூலியே நாங்கள் சேர்த்துப் போடுவது என்று நின்று பதில் சொல்வோம். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்கு உட்பட்டு, மதத்தைப் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பிறரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறோம்.

வேண்டாம் என்றால் திரும்பக் கேட்பதில்லை. பள்ளிச் சீருடையில் தனியாக நிற்கிற பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. கிளம்பும்முன் கீழே கிடக்கும் கைப்பிரதிகளை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கொள்வோம். வசனம் காலில் மிதிபடக் கூடாது. கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கும் நம்மால் வேலை கூடக் கூடாது.